குரைத்து வரி கட்டிய நாய்கள்

குரைக்கிற நாய் வேட்டை பிடியாது என்பது எங்கள் ஊர்களிலே வழங்கும் பழமொழி. வாய்ப்பேச்சில் வல்லவன் காரியத்துக்கு உதவான் என்று குத்திக்காட்ட வேண்டியபோதெல்லாம் நம் பெரியோர் இதனை எடுத்தாண்டனர். ஐரோப்பாவின் வடகோடியிலும், அதற்கப்பாற் பரந்து கிடக்கும் சைபீரியப் பெருங்காடுகளிலும் வாழ்ந்த மக்களிடம் இப்பழமொழியைச் சொல்லியிருந்தால் அவர்கள் வியந்திருப்பர். அங்கே குரைக்கத் தெரியாத நாயே வேட்டைக்கு உதவாத நாய். குரைப்பதற்கென்றே பல நூற்றாண்டுக் காலம் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட அந்நாய்களைக் கொண்டு அவர்கள் தேடித் திரிந்த பிராணி புலியுமன்று, பன்றியுமன்று, அணில்.

அணில் வேட்டை என்றதும் நம்மவர் முகஞ்சுளித்தல் இயல்பே. இராமபிரான் தடவிக் கொடுத்த கோடுகளை முதுகிலே சுமந்தபடி, கொல்லைப்புறத்து மாமரத்திலும் கொய்யாமரத்திலும் ஓடித் திரியும் அச்சிறுயிரை நாம் பிள்ளை என்று சேர்த்தே அழைக்கிறோம். கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை எனப் பிள்ளைப் பட்டம் பெற்ற உயிர்கள் நம்மிடையே சிலவே. வடதேசத்தவருக்கும் அணில்மீது அன்பில்லாமல் இல்லை. மரப்பட்டைத் துண்டொன்றிலே ஏறியமர்ந்து, வாலைப் பாயாக விரித்து, அணில்கள் ஏரிகளைக் கடந்து செல்லும் என்று ஐரோப்பாவின் பழைய இயற்கை நூலோர் மெய்யாகவே நம்பி எழுதினர். நம் அணில் கடலிலே பாலங் கட்டியது. அவர்கள் அணில் தோணி விட்டது. கதைகள் இவ்வளவு நெருங்கியிருந்தும், அம்மக்களின் வாழ்வு அணிலின் தோலைச் சுற்றியே சுழல நேர்ந்த வரலாறு பெரிதும் வேறானது.

பின்லாந்து மொழியிலே பணத்துக்கு ‘ரஹா’ என்று பெயர். இன்று அந்நாட்டிலே கூலி வாங்குபவரும் கடையிலே சில்லறை எண்ணுபவரும் நாள்தோறும் சொல்லுஞ் சொல் இதுவே. இச்சொல்லின் பழம்பொருள் விலங்கின் தோல். குறிப்பாக அணிலின் உரோமத்தோல் என்று மொழிநூலார் காட்டுகின்றனர். நமக்கு இதிலே வியப்பதற்கு அதிகமில்லை. பழந்தமிழிலே ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டன்றோ? மாடு மேய்த்தவன் மாட்டையும், அணில் பிடித்தவன் அணிலையும் செல்வமென்று கண்டான்.

தோலே பணமாயிருந்தபடியால் அதனை எண்ணுவதற்குத் தனிக் கணக்கும் இருந்தது. பின்லாந்திலே நாற்பது அணில்தோல் கொண்ட ஒரு கட்டுக்குக் ‘கீஹ்தெலிஸ்’ என்று பெயர். வட ஐரோப்பிய உரோம வாணிகம் முழுவதிலுமே நாற்பது என்பது ஒரு கட்டின் அளவாக வழங்கியது. ருஷ்ய மொழியிலே நாற்பது என்ற எண்ணின் பெயர் மற்றைய எண்ணுப்பெயர்களின் ஒழுங்கிலிருந்து விலகி நிற்பதும், அது தோல்கள் கட்டிய பையின் பெயரிலிருந்து வந்தமையாலேயே என்று அறிஞர் பலர் கருதுவர். ருஷ்ய நாட்டின் பழைய வரலாற்று ஏடு ஒன்று 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொகுக்கப்பட்டது. அதன் 859ஆம் ஆண்டுப் பதிவு, கசார் அரசினர் சிலாவியக் குலங்கள் சிலவற்றிடம் அடுப்பு ஒன்றுக்கு ஓர் அணில்தோல் வீதம் திறை கொண்டனர் என்று கூறுகிறது. அச்சொற்றொடரை வேறு விதமாகப் பிரித்து, ஒரு வெள்ளிக்காசும் ஓர் அணில்தோலும் என்று வாசிப்பாரும் உளர். எவ்வாறு வாசிப்பினும் அடுப்பெரியும் வீடெல்லாம் அணிலுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது என்பது தெளிவு.

இச்சிறு பிராணியின் தோலுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்ற கேள்வி எழும். இங்கே பேசப்படுவது நம்மூர்க் கோடிட்ட அணிலன்று. உடலிற் சற்றுப் பெரியதும், காதுநுனியிலே குஞ்சம் போன்ற மயிருடையதுமான செவ்வணில். கோடையில் அதன் மயிர் செந்நிறமாயிருக்கும். குளிர்காலம் நெருங்கியதும் வடக்கே வாழும் அணில்களின் முதுகு சாம்பல் நிறமாக மாறி, மயிர் அடர்ந்து மென்மையடையும். வயிறோ தூய வெண்மையாகவே இருக்கும். குளிர் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு மயிர் செறியும். ஆதலால் தெற்கத்திய அணில்தோலுக்கு இல்லாத விலை வடக்கத்தியத் தோலுக்குக் கிடைத்தது. சாம்பல் முதுகுத் துண்டையும் வெள்ளை வயிற்றுத் துண்டையும் மாறிமாறி வைத்துத் தைத்த உரோமத்துணியை இடைக்கால ஐரோப்பாவின் அரசரும் பிரபுக்களும் மேலங்கிகளுக்கு உட்புறத் துணியாக இட்டனர். அந்த மாறுகட்டக் கோலம் அவர்களின் குலச்சின்னங்களிலேகூட ஒரு வரைவாக இன்றுவரை நிலைத்துவிட்டது. ஓர் அணிலின் தோல் உள்ளங்கை அளவுக்குச் சற்றே மேற்பட்டது. அரச உடையொன்றுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். இங்கிலாந்திலே 1363ஆம் ஆண்டு, யார் எத்தகைய துணியும் உரோமமும் அணியலாம் என்று தராதரம் வகுத்துச் சட்டமே இயற்றினர். உழவனுக்கும் கூலிக்காரனுக்கும் அவ்வுயர்ந்த உரோமம் விலக்கப்பட்டது.

இவ்வளவு தோலும் சென்று குவிந்த சந்தை நொவ்கொரொட் என்னும் நகரம். வடமேற்கு ருஷ்யாவில், வொல்கோவ் ஆற்றங்கரையிலே அமைந்த அந்நகரம் மன்னர் கையில் முற்றாக அடங்காது, தன் நகர்மன்றத்தைத் தானே கூட்டி ஆண்ட ஒரு வணிகக் குடியரசு. ஜெர்மானிய ஹன்சா வணிகர் அங்கே தமக்கெனக் கோயிலும் பண்டகசாலையும் கொண்ட முற்றமொன்றை வைத்திருந்தனர். தோல்களைப் பீப்பாய்களிலே அடைப்பர். ஒரு பீப்பாய்க்குள் பல ஆயிரம் தோல்கள் அடங்கும். பால்டிக் கடல் வழியே லூபெக்குக்கும், அப்பாற் புரூஜ், இலண்டன் நகரங்களுக்கும் அவை கப்பலேறின. நொவ்கொரொட் மண்ணைத் தோண்டிய ஆய்வாளர் 1951இலே பூர்ச்சமரப் பட்டையிற் கீறிய கடிதங்களைக் கண்டெடுத்தனர். நம் ஓலைச்சுவடிகளை ஒத்த அப்பட்டைக் கடிதங்களிலே கடன் கணக்கும் வரிக்கணக்கும் அணில்தோலும் அடிக்கடி வருகின்றன. அரசர்களைப் பற்றிய ஏடுகள் சொல்லாது விட்ட செய்தியைக் கடன்காரனின் மரப்பட்டை சொல்லுகிறது.

அண்மையிலே இன்னொரு செய்தியும் வெளியாயிற்று. இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரிலே கிடைத்த இடைக்கால அணில் எலும்பொன்றிலே தொழுநோய்க் கிருமியின் தடயம் இருந்ததென்று 2024இல் வெளியான ஆய்வு கூறிற்று. அக்கிருமி அதே ஊரிலே தொழுநோயால் இறந்த மனிதரின் எலும்பிலே கண்ட கிருமிக்கு நெருங்கிய உறவுடையதாம். மனிதனிடமிருந்து அணிலுக்குச் சென்றதோ, அணிலிடமிருந்து மனிதனுக்கு வந்ததோ என்பது தீர்ந்தபாடில்லை. உரோமத்தைக் கையாண்ட தொழிலாளரை நினைத்துப் பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது.

இனி நாயிடம் வருவோம். வடகாட்டிலே அணிலைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் அடிமுதல் நுனிவரை கிளை நெருங்கி இருண்டு நிற்கும். மனித அரவம் கேட்டால் அணில் உச்சிக்கு ஏறி, தண்டோடு ஒட்டி அசையாது கிடக்கும். கீழே நிற்பவன் கண்ணுக்கு மரப்பட்டையும் அணிலும் ஒன்றே. ஆயிரக்கணக்கான மரங்களுள் எந்த மரத்திலே அணில் உண்டென்று எவ்வாறு அறிவது? நாய் இல்லாத வேடன் நாள் முழுதும் நடந்து வெறுங்கையோடு திரும்புவான்.

அந்த நாய் நடுத்தரத்திலும் சிறியது. நரியைப் போற் கூர்மூஞ்சி, விறைத்து நிமிர்ந்த காது, முதுகின்மேற் சுருண்டு கிடக்கும் வால், செம்பொன் நிறம். பின்லாந்தார் அதனைத் தம் மொழியிலே ‘நிமிர்செவி’ என்றே அழைக்கின்றனர். கட்டவிழ்த்ததும் அது வேடனைவிட்டுப் பார்வைக்கு அப்பாற் காட்டுக்குள்ளே ஓடிவிடும். மூக்காலும் கண்ணாலும் காதாலும் தேடும். கிளையிலே நகம் உரசும் ஒலியும், கூம்புக்காயைக் கொறித்து அணில் கீழே உதிர்க்கும் செதிலின் ஓசையும் அதற்குப் போதும். மரத்தை உறுதிசெய்ததும் அதன்கீழ் நின்று அண்ணாந்து நோக்கிக் குரைக்கத் தொடங்கும். ஓயாத குரைப்பு. நல்ல நாயொன்று நிமிடத்துக்கு 160 தடவை வரையிற் குரைக்கும் என்று அதனை வளர்ப்போர் பெருமையோடு கூறுவர். அணில் அடுத்த மரத்துக்குத் தாவினால் நாயும் அம்மரத்தடிக்கு மாறி அங்கே நின்று குரைக்கும். வேடன் தொலைவிலிருந்தே அக்குரலைக் கேட்டு நடந்து வருவான். மரத்திலிருப்பது அணிலா, பறவையா, கரடிக்குட்டியா என்பதைக் குரைப்பின் தொனியைக் கொண்டே சொல்லும் வேடரும் இருந்தனர்.

இதிலே இன்னொரு நுட்பமும் உண்டு. அணில் எப்போதும் தன் பகைக்கு எதிர்ப்புறமாகத் தண்டைச் சுற்றி மறையும். நாய் ஒரு பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்க, அணிலின் கவனமெல்லாம் அக்குரைப்பிலே பதிந்திருக்கும்; அது மறைந்திருக்கும் பக்கத்துக்கே வேடன் ஓசைப்படாமல் வந்துவிடுவான். துப்பாக்கி வருமுன்னர் அவன் கையிலிருந்தது வில். அம்பின் தலை கூர்மையாயிருந்தாற் தோலிலே துளை விழும். துளை விழுந்த தோலுக்கு விலையில்லை. ஆகவே மொட்டையாகத் தடித்த தலையுடைய அம்பைச் செய்து அணிலை அடித்து வீழ்த்தினர். பின்னாளிற் சிறுதுளைத் துப்பாக்கி வந்தபோது சைபீரிய வேடர் தலையிலே மட்டும் சுடப் பழகினர். கீழே விழுந்த அணிலைக் கடித்துக் குதறாது விட்டுவிடவும் நாய் பழக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

வேட்டைக் காலமும் குறுகியது. மயிர் நிறம் மாறி முற்ற வேண்டும். ஆயின் பனி நாயின் மார்பளவுக்கு ஏறிவிடவுங் கூடாது. நமக்கு மாரிமழை பொழியும் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய அச்சில வாரங்களே அவர்களின் அறுவடைக்காலம். பகலொளி சில மணிநேரமே. கம்பு விளையாத மண்ணிலே, கோடை உறைபனி ஒரே இரவிற் பயிரைக் கருக்கிவிடும் நாட்டிலே, ஆண்டு வரியைக் கட்ட அந்தச் சில வாரங்களை விட்டால் வழியில்லை. ஆகவே நல்ல குரைப்புநாய் ஒன்று இறந்தால் அக்குடும்பத்துக்கு அது ஏர்மாடு இறந்ததற்கு ஒப்பான இழப்பு. எங்கள் ஊரிலே நாயை வாசலிலே படுக்கவிட்டு மிச்சச் சோறு வைத்த நமக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுக்கும்.

இந்த வரியை யார் வாங்கினர் என்பதிலேதான் வரலாற்றின் கசப்பு இருக்கிறது. கரேலியா என்னும் நிலம் பின்லாந்துக்கும் ருஷ்யாவுக்கும் இடையே, ஏரிகளும் காடுகளும் நிறைந்து கிடப்பது. மேற்கே சுவீடன் அரசும், கிழக்கே நொவ்கொரொட்டும் அந்நிலத்துக்காக நெடுங்காலம் போரிட்டன. 1323இலே இரு சாராரும் ஓர் உடன்படிக்கை செய்து காட்டினூடாக எல்லைக்கோடு வகுத்தனர். கரேலிய மக்கள் இரு துண்டானார்கள். ஒரு பாதி மேற்குத் திருச்சபைக்கும் சுவீடன் மன்னனுக்கும், மறுபாதி கிழக்குத் திருச்சபைக்கும் நொவ்கொரொட்டுக்கும் உரியதாயிற்று. அணில் எந்தப் பக்கத்து மரத்திலே இருந்தாலும் அதன் தோல் ஒரு வரிகாரனின் மூட்டைக்கே போயிற்று. 1478இல் மொஸ்கோ நொவ்கொரொட்டை விழுங்கியது. 1494இல் மூன்றாம் இவான் ஹன்சா வணிகரின் முற்றத்தையும் மூடி, அங்கிருந்தோரைச் சிறைப்படுத்தினான். மேற்கு நாடுகளிலும் அப்போது அணிலின் மவுசு குறைந்து, அதனினும் விலைமிக்க வேறு உரோமங்களே செல்வரின் நாட்டமாயின.

ஆயின் திறை நிற்கவில்லை, கிழக்கே நகர்ந்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலே யெர்மாக்கின் கொசாக்குப் படை ஊரல் மலையைக் கடந்தது. 1639இற் பசிபிக் கரையையே ருஷ்யர் அடைந்துவிட்டனர். இவ்வளவு விரைவாக அவர்களை இழுத்துச் சென்றது உரோமம். வழியிலிருந்த கந்தி, மான்சி, எவெங்கி முதலிய பழங்குடிகள்மீது ‘யசாக்’ என்னும் தோல்வரி சுமத்தப்பட்டது. முதன்மையாக வேண்டப்பட்டது சேபிள் என்னும் விலங்கின் கருந்தோல். அஃது அருகிய இடங்களிலே அணில் முதலியவற்றின் தோல்கள் ஈடாகக் கொள்ளப்பட்டன. வரி ஒழுங்காக வருவதற்காகக் குலத்தலைவர்களையோ அவர்தம் மைந்தர்களையோ கோட்டைகளிலே பிணையாகப் பிடித்து வைத்தனர். தந்தை காட்டிலே நாயோடு அணில் தேடி அலைந்தான். மகன் மரக்கோட்டையிலே அடைபட்டுக் கிடந்தான். தோற்கட்டு வந்து சேர்ந்தபின் பிணையாள் ஒருவன் விடுபட, வேறொருவன் அவ்விடத்தில் அமர்த்தப்படுவான். ருஷ்யப் பேரரசின் கருவூலத்தை நிரப்பிய இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தோலின் எண்ணிக்கையை எழுதுகின்றனர். அம்மைந்தர்களின் பெயர்கள் வரிக்கணக்கின் ஓரங்களிலேதான் தேடற்பாலன.

18ஆம் நூற்றாண்டிலே அணில்தோலுக்குப் புதியதொரு சந்தை திறந்தது. 1727இன் உடன்படிக்கைக்குப் பின் ருஷ்ய, சீன எல்லையிலே கியாக்தா என்னும் வணிகத்தலம் எழுந்தது. அங்கே எண்ணிக்கையில் மிகுதியாகக் கைமாறிய உரோமம் அணிலுடையதே. பதிலாக வந்த சீனச் சரக்குகளிலே காலப்போக்கிற் தேயிலை முதலிடம் பெற்றது. ருஷ்யச் சீமாட்டியின் தேநீர்க் கோப்பைக்குப் பின்னாலே சைபீரியக் காட்டில் அண்ணாந்து குரைத்த நாயொன்று நின்றது என்பது மிகைக்கூற்றாகாது. தேயிலைத் தோட்டங்களின் கதையை அறிந்த நமக்கு, ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால் எத்தனை பேரின் வியர்வை நிற்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வடதேச வேட்டை முறைகளையும் உரோம வாணிகத்தையும் ஐரோப்பா அறிய எழுதியவர்களுள் முதன்மையானவர் ஒலாவுஸ் மாக்னுஸ் என்னும் சுவீடன் நாட்டுக் குருவானவர். அவர் தம் பெருநூலை அச்சிட்டது சுவீடனிலே அன்று; 1555இல், உரோமாபுரியிலே. தாய்நாடு புதிய சமயத்தைத் தழுவியபோது பழைய சமயத்தை விடாத அவர் திரும்பிச்செல்ல வழியின்றி வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1557இல் அங்கேயே காலமானார். பனியும் சறுக்குக்கட்டையும் அணிலும் கரடியுமாக அந்நூலின் பக்கங்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது, இத்தாலிய வெயிலிலே இருந்துகொண்டு இவ்வளவையும் நினைவிலிருந்து எழுதினாரே என்று தோன்றும். பிழைகளும் மிகைகளும் அதிலே பல உண்டு. ஊரை விட்டு வந்தவர் ஊரைப் பற்றி எழுதும்போது மிகை வருவது புதிதன்று.

19ஆம் நூற்றாண்டிலே பின்லாந்துக் காடுகளுக்குள் பாதைகளும் தொழில்களும் புகுந்தன. அவற்றோடு பிறநாட்டு நாயினங்களும் வந்தன. கிராமத்து நிமிர்செவி நாய் அவற்றோடு கலந்து, 1880களிலே தூய இனம் வடக்கேயும் கிழக்கேயும் ஒதுங்கிய ஊர்களில் மட்டுமே எஞ்சியது. ஹியூகோ சாண்ட்பெர்க், ஹியூகோ ரூஸ் என்ற இரு வேட்டைப் பிரியர்கள் அவற்றைக் கண்டு, அழியவிடலாகாது என்று முயன்றனர். சாண்ட்பெர்க் 1890இல் வேட்டைச் சஞ்சிகையொன்றிலே இவ்வினத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1892இல் அதன் இலக்கணம் முறையாக வகுக்கப்பட்டது. ரூஸ் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்நாய்களை வளர்த்துப் பெருக்கினார். அந்நாளிலே பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தம் மொழி, தம் பாட்டு, தம் கதை எனத் தேடித் தொகுத்துக் கொண்டிருந்த மக்கள் தம் நாயையும் தேடிக் கண்டுபிடித்தனர்.

பின்னர் வந்தது யுத்தம். 1939 நவம்பர் 30ஆந் திகதி சோவியத் படைகள் பின்லாந்தைத் தாக்கின. 1940 மார்ச் 13இலே போர் நின்றபோது கரேலியாவின் பெரும்பகுதி பறிபோயிற்று. 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அதாவது நாட்டு மக்களிற் பத்திலொரு பங்குக்கும் மேலானோர், உறைபனியிலே மாடுகளை ஓட்டிக்கொண்டும் பனிச்சறுக்கு வண்டிகளிலே மூட்டை ஏற்றிக்கொண்டும் மேற்கே நடந்தனர். 1941இன் பின் அந்நிலம் மீண்டுங் கைப்பற்றப்பட்டபோது அவர்களிற் பெரும்பாலோர் திரும்பிச் சென்று எரிந்த வீடுகளைக் கட்டினர், வயலிலே விதைத்தனர். 1944இல் இரண்டாந் தடவையும் அனைத்தையும் விட்டு வெளியேறினர். அது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடம்பெயர்ந்தோருக்குக் காணி வழங்க 1945இலே பின்லாந்து அரசு சட்டம் இயற்றி, இருந்தவர்களின் நிலத்திலிருந்து பகிர்ந்து கொடுத்தது. முகாம்களிலே அவர்கள் நெடுங்காலம் கிடக்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கலாம்.

நாய்களின் நிலை? அணிலையும் கரடியையும் மரையையும் ஒருங்கே குரைத்து நிறுத்திய கறுப்பு வெள்ளை நாயினமொன்று கரேலியாவுக்கே உரியது. கரேலியக் கரடிநாய் என்று பெயரிட்டு, 1936இலேதான் அதனை முறையாக வளர்க்கத் தொடங்கியிருந்தனர். போர் அம்முயற்சியின் தலையிலே இடியாய் விழுந்தது. ஓடுகிறவன் பிள்ளையைத் தூக்குவானா, பசுவை அவிழ்ப்பானா, நாயைத் தேடுவானா? இன்றுள்ள கரேலியக் கரடிநாய்களிற் பெரும்பாலானவை போரிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ நாற்பது நாய்களின் வழிவந்தவை என்பர். பழைய நாளிலே ஓர் அணில்தோற் கட்டின் எண்ணிக்கையும் நாற்பதே. 1945இல் அவ்வினத்தின் இலக்கணம் எழுதப்பட்டது. 1946இல் முதல் நாய்கள் பதியப்பட்டன. நாய்க்குப் பெயர்தந்த நிலம் அப்போது வேறு நாட்டுக்குச் சொந்தம்.

அண்டை நாடாகிய சுவீடனிலே நடந்தது இன்னும் விநோதமானது. அங்கே நொர்பொத்தென் மாகாணத்துக்குரிய சிறிய குரைப்புநாய் ஒன்று உண்டு. வெண்ணிற உடலிற் செந்திட்டுகள். வேலை அதே அணிலும் காட்டுக்கோழியும். போருக்குப் பின் உரோமத்தின் விலை வீழ்ந்தது. அந்நாயைப் பதிவு செய்வாரும் இல்லாது போயினர். 1948இலே இவ்வினம் அழிந்துவிட்டதென்று அறிவித்து அதிகாரிகள் பதிவேட்டை மூடினர். ஆயின் உள்நாட்டுக் கிராமங்களிலே அந்நாய்கள் தம்பாட்டில் வீட்டுவாசலிற் படுத்தும், காட்டிலே குரைத்தும் வாழ்ந்து கொண்டுதான் இருந்தன. தாம் அழிந்துபோன செய்தி அவற்றுக்கு எட்டவில்லை. அக்கிராமத்தவர்களுக்குப் பதிவேட்டிலே ஓர் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற எண்ணமிருந்திருக்காது. பாட்டன் வைத்திருந்தது போல் ஒரு நாய் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கமாயிருந்திருக்கும். ஆர்வலர் சிலர் ஊரூராகத் தேடி அவற்றை மீண்டுங் கண்டனர். 1967இலே புதிய இலக்கணத்தோடு பதிவேடு திரும்பவுந் திறக்கப்பட்டது.

ருஷ்யப் பக்கத்திலே இக்குரைப்பு நாய்களனைத்துக்கும் ‘லைக்கா’ என்பது பொதுப்பெயர். குரைப்பது என்னும் ருஷ்ய வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர். உலகம் அறிந்த லைக்கா ஒன்றே ஒன்றுதான்: 1957 நவம்பர் 3இலே ஸ்பூட்னிக் 2 விண்கலத்தில் ஏற்றி அனுப்பப்பட்ட நாய். அது வேட்டைநாயன்று, மொஸ்கோத் தெருவிலே பிடிக்கப்பட்ட கலப்புநாய். அதனைத் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை. பல நாள் உயிரோடிருந்ததாகக் கூறப்பட்டு வந்தது. புறப்பட்ட சில மணிநேரத்துள் வெப்பம் தாங்காது இறந்ததென்ற உண்மை 2002இலேதான் வெளியாயிற்று.

இன்று அணில்தோலைத் தேடிப் பின்லாந்துக் காட்டுக்குட் செல்வோர் அரியர். நிமிர்செவி நாய் இப்போது பெரும்பாலும் காட்டுக்கோழி இனத்துப் பெரும்பறவைகளையே மரத்திலே நிறுத்துகிறது. முறை மாறவில்லை: தேடல், மரத்தடி, அண்ணாந்த முகம், ஓயாத குரைப்பு. 1979இலே அதனைப் பின்லாந்தின் தேசிய நாயாக அறிவித்தனர். குரைப்புப் போட்டிகளும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அடுக்குமாடி வீட்டிலே இதனை வளர்க்க விரும்புவோருக்கு அயலவரின் பொறுமை பெரிதும் வேண்டியிருக்கும்.

எல்லைக்கு அப்பால், ருஷ்யக் கரேலியாவிலும் அதே செந்நிற நாய் உண்டு. கரேலோ-பின்னிய லைக்கா என்று அங்கே அதற்குப் பெயர். போருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக இரு பக்கத்தாரும் அவற்றைத் தனித்தனி இனங்களாகவே எழுதி வந்தனர். 2006இலே பின்லாந்தினதும் ருஷ்யாவினதும் நாய்வளர்ப்புச் சங்கங்கள் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டு, இரண்டும் ஒரே இனமே என்று ஏற்றுக்கொண்டன. 1944இலே வகுக்கப்பட்ட எல்லை அவ்வாறே இருக்கிறது.